நாலாவது பூவின் கறை

என் தொழில் பொய்ப்பல் செய்வது. டாக்டர் இல்லை. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சைப் பார்த்துப் பல் செய்து கொடுக்கிற ஆள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. வாசலில் போர்டு கிடையாது. இருந்தும் தெருவில் எல்லாரும் என்னை 'பல்செட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. நான் கோபித்துக்கொண்டதில்லை. இருபத்தேழு வருஷத்தில் நான் வாங்கிய ஒரே பட்டம் அது.

இந்தத் தொழிலில் வெளியே தெரியாத சங்கதி ஒன்று உண்டு. வெள்ளை வெளேரென்று பல் செய்து கொடுத்தால் யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். "பொய்ப்பல்லுன்னு ஊருக்கே தெரிஞ்சிடுமே" என்பார்கள். அதனால் பல்லைச் செய்து முடித்ததும் அதற்குக் கறை ஏற்றவேண்டும். டீ குடிப்பவருக்கு ஒரு கறை, புகை பிடிப்பவருக்கு ஒரு கறை, ஒழுங்காகப் பல் தேய்க்காதவருக்குத் தனியாக ஒன்று. நாலே நாலு முடி உள்ள பிரஷ்ஷால், மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுகிற வேலை. மற்ற விஷயங்களில் நான் சுமார்தான். கறை போடுவதில் மட்டும் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்தத் திறமையை வைத்துத்தான் என் மனைவியைக் கிட்டத்தட்டச் சாகடித்தேன்.

அவளுக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த டிரைவர், எந்தக் கிழமை, எந்த வண்டி, யாருக்கு லீவு என்று மாதம் முழுமைக்கும் முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டுவது அவள் பொறுப்பு. டிப்போவில் அவள் பெயர் 'சார்ட்டம்மா'. அவள் ஒட்டியபடிதான் நானூறு பேர் எழுந்திருப்பார்கள், தூங்குவார்கள். நாட்களை எண்ணுவதில் புலி. என்னிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால் நான் செய்தித்தாளைத் தேடுவேன்.

கார்டீனியா என்ற பூச்செடியை அவள்தான் நர்சரியிலிருந்து வாங்கி வந்தாள். முழங்கால் உயரச் செடி. இலை எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. நர்சரிக்காரர் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் மாதிரி ஏகப்பட்ட நிபந்தனை போட்டாராம். குழாய்த் தண்ணீர் கூடாது, இலை மஞ்சளாகும். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றவேண்டும். தொட்டியை நகர்த்தக்கூடாது, திருப்பக்கூடக் கூடாது, மொட்டெல்லாம் கொட்டிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூவை விரலால் தொடக்கூடாது. தொட்ட இடம் சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். யார் தொட்டது என்று பூவே காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் வருஷம் பதினொரு மொட்டு வைத்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டுமே என்று நான் தொட்டியைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பி வைத்தேன். ஒரு வாரத்தில் பதினொன்றும் தரையில். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் தொட்டியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள், சுவரிலும் ஒரு கோடு போட்டாள், "இந்த ரெண்டு கோடும் விலகிச்சுன்னா நானும் விலகிடுவேன்" என்றாள்.

இந்த வருஷம்தான் முதல் பூ விரிந்தது. சமையலறைக்குப் பின்னால் இருக்கிற குட்டி பால்கனி முழுக்க வாசனை. மல்லிகை என்றால் நம்மைக் கூப்பிடும், நாம் திரும்பிப் பார்ப்போம். இது கூப்பிடவில்லை. பின்னால் வந்து தோளில் கை வைத்தது.

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் சுண்டியிருந்தது.

"தொட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. நான் இப்பத்தான் எழுந்தே வரேன்."

"அப்ப இது என்ன?"

வெளி இதழில் பழுப்பாக மூன்று தடம். கட்டைவிரல் ஒன்று, நடுவிரல் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் குட்டையாக ஒன்று. எனக்கு வலது ஆள்காட்டி விரலில் நுனி கிடையாது. பட்டறையில் பொய்ப்பல்லைத் தேய்த்து மெருகேற்றுகிற சக்கரம் வாங்கிக்கொண்டது. இந்த ஊரில் இப்படிப்பட்ட கை இன்னொன்று இருக்கலாம். ஆனால் அது எங்கள் பால்கனிக்கு வந்திருக்க வாய்ப்பில்லை.

"தூக்கத்துல நடந்து வந்தீங்களோ என்னமோ" என்று சொல்லிவிட்டு அவள் டிப்போவுக்குக் கிளம்பினாள்.

சாயங்காலம் நான் தனியாக இருந்தேன். வாசனை பட்டறை வரை வந்தது. தொடாமல் மோந்து பார்ப்போம் என்று போய்க் குனிந்தேன். காற்று ஒன்று அடித்துக் கிளை ஆடி, பூ கம்பியில் மோதப் போனது. யோசிக்காமல் கையை நீட்டிப் பிடித்தேன். பிடித்தபிறகுதான் பார்த்தேன். என் மூன்று விரலும் அந்த மூன்று தடத்தின் மேல் அச்சாக உட்கார்ந்திருந்தன. பழைய செருப்பில் கால் நுழைவதுபோல், அத்தனை சரியாக.

கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புதிதாக ஒரு கறையும் விழவில்லை. விழவேண்டியது காலையிலேயே விழுந்திருந்தது.

அவளிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? 'தொட்டேன், ஆனால் நீ கேட்டபோது இன்னும் தொடவில்லை' என்றா?

இரண்டாவது பூ விரிந்தபோது அதில் சின்னதாக ஒரே ஒரு கட்டைவிரல் தடம், ஓரத்தில் பிறை மாதிரி நகக்குறியோடு. அவள் விரல். நான் 'தொட்டியா' என்று கேட்கவில்லை. இரண்டாம் நாள் அவள் அந்தப் பூவைப் பறித்து டம்ளரில் வைத்தாள். பறித்த கையோடு அப்படியே நின்றாள். நான் சமையலறைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிடும்போது சொன்னாள். "என்னங்க, ஒண்ணு சொல்லணும். சிரிக்கக்கூடாது."

"நான் எப்ப சிரிச்சேன்?"

"எங்கப்பா வழுக்கி விழுந்தப்ப."

"அது இருபது வருஷக் கதைம்மா."

"கறை முன்னாடியே வருது. நாம தொடறது பின்னாடி நடக்குது."

நான் சிரிக்கவில்லை. என் மூன்று விரல் கதையைச் சொன்னேன். அவள் தட்டில் கோலம் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"டூட்டி சார்ட் மாதிரி" என்றாள். "ஆள் வர்றதுக்கு முன்னாடியே எழுதி ஒட்டிடறாங்க."

"யாரு ஒட்டறது?"

"டிப்போவுல நான். இங்க யாருன்னு எனக்கென்ன தெரியும்?"

மூன்றாவது பூவுக்கு நாங்கள் ஒரு சோதனை வைத்தோம். இருவரும் தொடுவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டு, சாப்பாட்டின் மேல் மூடுகிற வலைக்கூடையை அதன் மேல் கட்டினோம். பூ விரிந்தது. அகலமாக ஒரு கட்டைவிரல், நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. எங்கள் இருவருடையதும் இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. "பாத்தியா, ஏதோ நோய்தான். பூச்சி மருந்து அடிச்சா சரியாயிடும்" என்று பெரிய மனிதன் மாதிரி பேசினேன்.

மூன்றாம் நாள் சிங்க்கில் தண்ணீர் அடைத்துக்கொண்டது. பைப் ரிப்பேர்காரர் வந்தார். குழாய் பால்கனிப் பக்கம் இறங்குகிறது. நான் அவருக்கு டீ எடுத்துக்கொண்டு போனபோது கூடை தரையில் இருந்தது. அவர் ஒரு கையால் ஸ்பேனரைத் திருகிக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் பூவை ஒதுக்கிப் பிடித்திருந்தார்.

"நல்ல வாசனை சார்" என்றார்.

"கையைக் காட்டுங்க" என்றேன்.

காட்டினார். கட்டைவிரலில் குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு. என் மனைவி எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். அவள் கை என் சட்டையைப் பிடித்ததை உணர்ந்தேன். ரிப்பேர்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடைப்பு சரியாகிவிட்டது, பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொன்னார்.

செடியைத் தூக்கிப்போட்டிருக்கலாமே என்பீர்கள். நாங்களும் பேசினோம். ஆனால் சாயங்காலமானால் அந்த வாசனை அறை அறையாக வந்து எங்களைத் தேடும். அது வரும் நேரத்துக்கு நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கப் பழகியிருந்தோம். பயமாக இருந்தது என்பது நிஜம். இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்பதும் நிஜம்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டிப்போ மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். படம் எடுத்தார்கள், கம்பி விட்டுப் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, மாற்றவேண்டும் என்றார் டாக்டர்.

"ஒன்பது நாள் இங்க இருக்கணும். ஆபரேஷன் முடிஞ்சு முதல் மூணு நாள் முக்கியம். மத்ததெல்லாம் நாங்க பாத்துப்போம். நீங்க தைரியமா வாங்க, அது போதும்."

அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் நேரே பால்கனிக்குப் போனாள். நாலாவது மொட்டு விரல் நீளத்துக்கு முறுக்கிக்கொண்டு நின்றது, பச்சையும் வெள்ளையுமாக. நான் மனதுக்குள் நாள் எண்ணிப் பார்த்தேன். என் கணக்கு எப்போதும் தப்பும். அன்று பார்த்துச் சரியாக வந்தது. ஆபரேஷன் அன்றுதான் அது விரியும்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டுப் போயிடலாம்" என்றாள் விளையாட்டாகச் சொல்வதுபோல். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "என் விரல் இருந்தா போதும்" என்றாள்.

அந்தக் காலை வந்தது. ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். அவள் குளிக்கப் போயிருந்தாள். நல்ல வெளிச்சம் வந்துவிட்டது. வாசனையே சொல்லிவிட்டது, விரிந்துவிட்டதென்று. ஓடினேன்.

சுத்தமாக இருந்தது.

ஒரு கறை இல்லை. இதழ் இதழாக, முன்னும் பின்னும், மண்டி போட்டுக் கீழிருந்தும் பார்த்தேன். என் விரல் இல்லை, அவள் விரல் இல்லை, யார் விரலும் இல்லை. இத்தனை வெள்ளையாக ஒன்றை நான் பார்த்ததில்லை. என்னிடம் வந்தால் நான் இப்படி விடமாட்டேன். இந்த வீட்டில் யாரும் இந்தப் பூவை நெருங்கப்போவதில்லை என்று அது சொன்னது. அவள் இருந்தால் தொடாமல் இருக்கமாட்டாள். அவள் இல்லாவிட்டால் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். ஆள் இல்லாத வீட்டில் விரிந்த பூ மாதிரி, அது எங்கேயும் பார்க்காமல் நின்றது.

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. 'தைரியமா வாங்க, அது போதும்.'

பட்டறைக்குப் போய் நாலு முடி பிரஷ்ஷை எடுத்தேன். புகை பிடிப்பவர்களுக்குப் போடுகிற பழுப்பு, அதில் ஒரு பொட்டு மஞ்சள். அந்தச் சாயம் காய அரை நாள் ஆகும். சூடு காட்டினால் உடனே காயும், பூவுக்குச் சூடு காட்ட முடியாது. கையில் பட்டால் ஒரு வாரம் போகாது. பால்கனியில் மண்டி போட்டேன். இதழில் விரல் படாமல், பிரஷ் நுனி மட்டும் பட, அவள் கட்டைவிரலை வரைந்தேன். அளவு பார்க்கத் தேவை இருக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கட்டைவிரல் என் சட்டைக்குப் பட்டன் போட்டிருக்கிறது. ஓரத்தில் நகக்குறி, பிறை. ஓரம் கருத்து நடுவில் வெளிறி, நிஜக் கறை எப்படி இருக்குமோ அப்படி. என் ஆயுளில் இதைவிட நல்ல வேலை செய்ததில்லை.

அவள் தலையில் துண்டோடு வந்தாள்.

"வந்து பாரு" என்றேன்.

குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னோடதுதான்."

"பாத்தியா? வருவே, வந்து தொடுவே. சார்ட்லயே போட்டாச்சு. இனிமே டாக்டரே நெனச்சாலும் மாத்த முடியாது."

"இது எப்ப விரிஞ்சது?"

"இன்னிக்குக் காலைலதான்."

"இன்னிக்கா" என்றாள். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. ஏதோ வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அவள் முகம் அமைதியாகிவிட்டது. தைரியம் வந்துவிட்டது என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

"மழைத்தண்ணி டிரம்முல பாதிதான் இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு சொம்புக்கு மேல ஊத்தாதீங்க" என்றாள். "பீரோ சாவி அரிசி டப்பாவுல. உங்க நீலச் சட்டைக்குப் பட்டன் தெச்சிட்டேன். இலை மஞ்சளாச்சுன்னா பதறாதீங்க, ரெண்டு இலை போகும், அப்புறம் தானா சரியாகும். எதையாவது நோண்டிக்கிட்டே இருக்காதீங்க."

"ஒம்போது நாள்ல வந்து நீயே பாத்துக்கப்போற."

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "போய் டாக்ஸியை வாசல்கிட்ட வரச் சொல்லுங்க" என்றாள்.

நான் கீழே போனேன். கீழ்வீட்டுத் தையல்காரரிடம் மாற்றுச் சாவியைக் கொடுத்து, தினம் ஒரு சொம்பு ஊற்றச் சொன்னேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அவள் பையோடு படியில் இறங்கி வந்தபோது முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு இருந்தது. டாக்ஸியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், இடது கையால். வலது கை மூடியே இருந்தது. தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகும்போது, "வந்து பேசிக்கலாம்" என்றாள். கதவு மூடிற்று.

காத்திருக்கிற கூடத்தில் நாற்காலிகள் ஒன்றோடொன்று இரும்பால் பிணைக்கப்பட்டிருந்தன. ஒருவர் அசைந்தால் வரிசையே அசையும். பத்தரை மணிக்கு ஒரு பெண் பெரிய பூங்கொத்தோடு வந்தாள். செக்யூரிட்டி நிறுத்தினார்.

"பூ உள்ள விடமாட்டோம்மா."

"எங்கண்ணன் கண்ணு முழிச்சா பாக்கட்டுமே."

"அவர் எழுந்து உட்கார ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள இது அழுகிடும். வீட்டுக்கு வந்தப்புறம் வேற வாங்கிக் குடுங்க."

அந்தப் பெண் போய்விட்டாள். நான் அந்த வாக்கியத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதுக்குள்ள இது அழுகிடும்.

கார்டீனியா நாலு நாள் இருக்கும். முதல் நாள் வெள்ளை, இரண்டாம் நாள் பால், மூன்றாம் நாள் மஞ்சள், நாலாம் நாள் உதிரும். ஒன்பது நாள் கழித்து வருகிறவள் விரல் அந்தப் பூவில் எப்படி இருக்கும்? இருக்காது. இருக்கவே முடியாது. சுத்தமான பூவுக்கு அதுதான் அர்த்தம்: அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், நான் இந்த நாற்காலியில் இருக்கிறேன், வீட்டில் யாரும் இல்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று அந்தப் பூ எனக்கு வெள்ளையில் எழுதிக் காட்டியது. நான் அதை அழித்து வேறு எழுதினேன்.

நாலு நாளுக்குள் அவள் விரல் அந்தப் பூவில் படவேண்டும் என்றால், நாலு நாளுக்குள் அவள் வீட்டுக்கு வரவேண்டும். நாலு நாளுக்குள் அவள் எப்படி வருவாள்? நான்கு பேர் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். யாராவது அவள் கையை எடுத்து, ஆசையாக வளர்த்தாளே என்று, அந்தப் பூவின் மேல் வைப்பார்கள். அப்படி வைக்கக்கூடிய முட்டாள் யார் என்றும் எனக்குத் தெரிந்தது.

இன்னிக்கா என்று கேட்டாளே. விரலை எண்ணினாளே. மாதாமாதம் நானூறு பேருக்கு நாள் எண்ணிக் கொடுத்தவள் அவள். வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். பீரோ சாவி, நீலச் சட்டை, இரண்டு இலை போகும், பதறாதீங்க.

எழுந்தேன். என்னோடு வரிசையே அசைந்தது. "உள்ள ஒரு வார்த்தை சொல்லணும்" என்றேன் செக்யூரிட்டியிடம். "என் பெஞ்சாதிகிட்ட. அது பெயிண்டுன்னு சொல்லணும்."

"சார், நெஞ்சைத் தெறந்து வேலை நடக்குது. உட்காருங்க."

உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, ஆனால் மயக்கத்திலிருந்து கொஞ்சம் மெதுவாக வருகிறார், பார்க்கலாம் என்றார். "பேஷண்டும் ஒத்துழைக்கணும் இல்லையா?" என்று ஒரு வார்த்தை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நாளை காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் பார்க்கலாம். இன்றைக்கு வீட்டுக்குப் போய் மாற்றுத்துணி எடுத்து வாருங்கள் என்றார்கள்.

வீட்டைத் திறந்ததும் வாசனை நடையிலேயே நின்றது. சாயங்கால வெயில் பால்கனியில் சாய்ந்திருந்தது. அந்தப் பூவைத் துடைத்தெறிய வேண்டும் என்றுதான் போனேன். நான் வரைந்த தடம் அங்கே இருந்தது. நடுவில் மட்டும் நான் விட்டதைவிட இன்னும் வெளிறியிருந்தது, காய்ந்துவிட்டது போலும். அதற்கு எதிர்ப்புறம், பின் இதழில், காலையில் நான் மண்டி போட்டுக் கீழிருந்து பார்த்த அதே இதழில், பழுப்பாக இரண்டு தடம்.

சின்ன விரல்கள். பிரஷ் படாத கறை. அவளுடையது.

சாக்பீஸ் கோடுகள் இரண்டும் நேராகத்தான் இருந்தன. தையல்காரர் தண்ணீர் ஊற்றியிருந்தார், அவர் விரல் தடி விரல். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காலையில் இல்லாத கறை இப்போது எழுதப்பட்டிருக்கிறது. நான் கேட்டதைப் பார்த்து, 'இதுதானே வேண்டும்' என்று செடி தானும் சேர்த்து எழுதிக் கொடுத்ததுபோல். பூ இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. மூன்று நாள் பாக்கி.

பூவைக் கிள்ளி எறியலாம். எறிந்தால் எழுதியது போய்விடுமா? எறிந்த பூவை யாராவது எடுத்துவந்தால்? நான் அதைத் தொடவில்லை. மாற்றுத்துணி எடுக்க மறந்து வெறும் பையோடு திரும்பினேன்.

மறுநாள் எட்டு மணிக்குப் பச்சை அங்கி மாட்டி உள்ளே விட்டார்கள். அவள் வாயில் குழாய். கண் பாதி திறந்திருந்தது. பக்கத்து மெஷின் அவளுக்குப் பதிலாக மூச்சு விட்டது. நர்ஸ் என்னைப் பார்த்ததும் முதல் வேலையாக ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், இவங்க பெயிண்ட் வேலை ஏதாவது பண்ணுவாங்களா? கட்டைவிரல்ல பிரவுனா என்னமோ ஒட்டியிருக்கு. நேத்து தியேட்டர்ல ஸ்பிரிட் போட்டுத் தேச்சுத் தேச்சுப் பாத்தாங்களாம், போகவே மாட்டேங்குது."

அவளுடைய வலது கையை எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் ரேகைக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது, புகை பிடிப்பவர்களுக்குப் போடுகிற பழுப்பு. ஒரு பொட்டு மஞ்சள் கலந்தது.

"நேத்துக் காலைல பூவைத் தொட்டியா?" என்று அவள் காதருகே கேட்டேன். "நான் டாக்ஸிக்குப் போனப்ப?"

கண் என் பக்கம் வந்தது. குழாயும் ஊசியுமாக இருந்த இடது கையில் இரண்டு விரலை மெல்லத் தூக்கினாள். பூவைப் பின்னால் பிடித்த விரல்கள். பிறகு வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டினாள், துணிக்கடையில் சாயம் போகுமா என்று பார்ப்பதுபோல். உள்ளங்கையை லேசாகத் திருப்பினாள். வேலை சரியில்லை என்கிறாள்.

நான் அழுததை நர்ஸ் தப்பாகப் புரிந்துகொண்டு என்னை வெளியே அனுப்பினாள்.

அன்று சாயங்காலமே குழாயை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் நாலாம் நாள் தாண்டும்வரை நான் அந்த இரும்பு வரிசையை விட்டு நகரவில்லை. வீட்டுக்கு வரும் வழியையே மறந்தவன் மாதிரி இருந்தேன். ஆறாம் நாள் அவளை வார்டுக்கு மாற்றினார்கள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, ஸ்பூனால் கஞ்சி குடித்துக்கொண்டே என்னைத் திட்டினாள்.

"அந்தக் கறையைப் பாத்ததும் நான் செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டேன் தெரியுமா? ஒரு சின்னக் கணக்கு. நாலு நாள், ஒம்போது நாள். போடத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியல."

"நீங்க கீழ போனதும் யோசிச்சேன். எப்படியும் நான் இதைத் தொடணும்னு எழுதியாச்சு. எப்பன்னு எழுதலயே. இப்பவே தொட்டு டூட்டியை முடிச்சிட்டா, அப்புறம் எதுக்குக் கூப்பிடுவாங்க? அப்படின்னு வெச்சேன் கையை. பிசுக்குன்னு ஒட்டுச்சு."

"அப்பவே சொல்லக்கூடாதா?"

"சொன்னா அழுவீங்க. டாக்ஸிக்காரர் எதிர்ல எதுக்கு?"

"சரி, அந்த ரெண்டு விரல்? அது ஏன் பின்னாடி வந்துச்சு? மத்ததெல்லாம் முன்னாடியே வந்துச்சே?"

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். அதை அவளும் யோசித்திருக்கிறாள் என்று தெரிந்தது. "நானும் சார்ட்டைக் கையால திருத்துறவதானே" என்றாள். "ஒரு இடத்துல திருத்தினா அதுக்கப்புறம் முழுக்கக் குழம்பும். நீங்க வரைஞ்சதும் அந்த மாதிரிதான்."

அப்போது என் போன் அடித்தது. கீழ்வீட்டுத் தையல்காரர்.

"சார், அம்மா எப்படி இருக்காங்க? நல்லது, நல்லது. உங்க செடியில அஞ்சாவதா ஒண்ணு விரிஞ்சிருக்கு சார், வாசனை எங்க வீடு வரைக்கும் வருது. ஆனா சார், அதுல பாருங்க..."

"சொல்லாதீங்க" என்றேன்.

"இல்ல சார், நான் தொடவே இல்ல, சத்தியமா. இதழ் மேல..."

"ஐயா, உங்க கால்ல வேணா விழறேன். சொல்லாதீங்க. கண்ணை மூடிக்கிட்டுத் தண்ணி ஊத்துங்க." போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையையும் வைத்துக்கொண்டேன்.

"யாரு?" என்றாள்.

"ராங் நம்பர்."

அவள் என்னையே பார்த்தாள். எதிர்க் கட்டிலில் யாரோ இருமினார்கள். ஜன்னலுக்கு வெளியே சாயங்காலம் இறங்கிக்கொண்டிருந்தது. வாசனை வரும் நேரம் அது. எங்கள் இருவரின் பேச்சும் தானாகவே நின்றது. ஆஸ்பத்திரி மருந்து நெடியைத் தவிர ஒன்றும் வரவில்லை. இருந்தும் கொஞ்ச நேரம் காத்திருந்தோம்.

"யார் விரல்னு கேட்டீங்களா?" என்றாள்.

"கேக்கல."

"கேக்காதீங்க" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க. பசிக்குது."